ஒரே வருடத்தில் இரண்டு மூன்று மாநிலங்களில் வேலை: அமெரிக்காவில் மாநில வருமான வரியைத் தாக்கல் செய்வது எப்படி?

கன்சல்டிங் வேலைக்காக அமெரிக்கா வந்தவர்களுக்கு முதல் சில வருடங்கள் பெட்டியும் கையுமாகத்தான் போகும். மார்ச் வரை சிகாகோ பக்கம், அப்புறம் டல்லாஸ், தீபாவளிக்குள் நியூ ஜெர்சி என்று ப்ராஜெக்ட் இழுத்த பக்கமெல்லாம் போக வேண்டியதுதான். வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை ஜனவரிக் கடைசிக்குள் கம்பெனி அனுப்பிவிடும். அதன் அடிப்பகுதியில் இரண்டு மூன்று மாநிலங்களின் பெயர் வரிசையாக இருக்கும்போதுதான் பலருக்கும் பதற்றம் தொடங்குகிறது. ஒரே சம்பளத்துக்கு மூன்று இடத்தில் வரி கட்ட வேண்டுமா? எதை முதலில் செய்வது? விட்டுவிட்டால் என்ன ஆகும்?

ஃபெடரல் வரி நாடு முழுக்க ஒன்றே. 1040 படிவத்தோடு முடிந்துவிடும். மாநில வரி அப்படியில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சட்டம், தனிப் படிவம், சில இடங்களில் கெடு தேதியும் வேறு. ஆனாலும் எல்லா மாநிலங்களும் அடிப்படையில் கேட்பது இரண்டே கேள்விகள்: நீங்கள் எங்கே குடியிருந்தீர்கள்? எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள்? இந்த இரண்டுக்கும் தேதி வாரியாகப் பதில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. டபிள்யூ-2-வில் இருப்பது கம்பெனியின் பேரோல், அதாவது சம்பளப் பட்டுவாடாப் பிரிவு போட்ட கணக்கு. அது உங்கள் வாழ்க்கையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில் ஒரு தேதிப் பட்டியல்

வரி மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

ஜனவரி 1 – ஜூன் 14: வீடு ஷாம்பர்க், இல்லினாய், வேலை சிகாகோ
ஜூன் 15 – டிசம்பர் 31: வீடு ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ், வேலை வீட்டிலிருந்து
இடையில் செப்டம்பரில் இரண்டு வாரம் வட கரோலினாவில் கிளையண்ட் அலுவலகம்

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரமாக என்ன காகிதம் இருக்கிறது என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். பழைய வீட்டின் வாடகை ஒப்பந்தம் முடிந்த தேதி, புது ஒப்பந்தம் தொடங்கிய தேதி, சாமான் ஏற்றிச் சென்ற ரசீது, ஓட்டுநர் உரிமம் மாற்றிய நாள், கரண்ட் பில், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த கடிதம், விமான டிக்கெட் எல்லாமே உதவும். ஏப்ரலில் உட்கார்ந்து போன வருட ஜூன் மாதத்தை நினைவுபடுத்திக்கொள்வது கஷ்டம். வீடு மாறும் அன்றைக்கே போனில் குறித்து வைப்பது நல்லது.

எந்த மாநிலத்தில் நீங்கள் யார்?

ஒரு மாநிலத்தின் கண்ணில் நீங்கள் மூன்றில் ஒருவராக இருப்பீர்கள். வருடம் முழுக்க அங்கேயே குடியிருந்தால் ரெசிடென்ட். நடுவில் குடிவந்தாலோ காலி செய்துவிட்டுப் போனாலோ பார்ட்-இயர் ரெசிடென்ட். குடியிருக்காமல் வேலை மட்டும் செய்திருந்தால் நான்-ரெசிடென்ட்.

ரெசிடென்ட் என்றால், நீங்கள் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த மாநிலம் கணக்குக் கேட்கும். நான்-ரெசிடென்ட் என்றால் அந்த மாநிலத்துக்குள் சம்பாதித்ததற்கு மட்டும். பார்ட்-இயர் இரண்டும் கலந்தது: குடியிருந்த மாதங்களுக்கு முதல் விதி, மற்ற மாதங்களுக்கு இரண்டாவது விதி.

விசாவை வைத்து ஃபெடரல் சட்டம் உங்களை ரெசிடென்ட் என்றோ நான்-ரெசிடென்ட் என்றோ சொல்வது வேறு விஷயம். எஃப்-1 மாணவர் விசாவில், ஓபிடி என்ற வேலை அனுமதியில் இருப்பவர் பெரும்பாலும் ஃபெடரல் வரிக்கு நான்-ரெசிடென்டாக 1040-என்ஆர் படிவம் போடுவார். அதே ஆள் தான் வாழும் மாநிலத்துக்கு ரெசிடென்டாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான மாநிலப் படிவத்தைப் போடுவது புதிதாக வந்தவர்களிடம் சகஜம்.

குடும்பம் ஒரு ஊரில், வேலை இன்னொரு ஊரில் என்று இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் டெக்சாஸின் பிளேனோவில். நீங்கள் திங்கள் முதல் வியாழன் வரை வட கரோலினாவின் ஷார்லட்டில் ஹோட்டலில் தங்கி வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக வீடு டெக்சாஸ்தான். வட கரோலினாவுக்கு நீங்கள் நான்-ரெசிடென்ட். ஆனால் அங்கேயே அபார்ட்மெண்ட் எடுத்து மாதக்கணக்கில் தங்கினால் கதை மாறலாம். கலிஃபோர்னியாவில் ஒரு வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட் என்றே அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நியூயார்க்கில் நிரந்தரமாகத் தங்க ஓர் இடம் வைத்துக்கொண்டு 183 நாளுக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். அங்கே ஒரு நாளின் ஒரு பகுதி இருந்தாலே அது முழு நாளாக எண்ணப்படும்.

சம்பளத்துக்கு மாநில வரியே இல்லாத மாநிலங்கள் ஒன்பது: டெக்சாஸ், ஃப்ளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, வயோமிங், அலாஸ்கா. இங்கே குடியிருந்த மாதங்களுக்கு மாநிலச் சம்பள வரிப் படிவம் கிடையாது. ஆனால் டெக்சாஸில் குடியிருக்கிறேன் என்பதற்காக ஷார்லட்டில் சம்பாதித்த பணத்துக்கு வட கரோலினா வரியைத் தள்ளுபடி செய்யாது. அந்தச் சம்பளத்துக்கு அங்கே டி-400 படிவமும் அதனோடு பிஎன் அட்டவணையும் போட வேண்டும்.

டபிள்யூ-2-வைக் கையில் வைத்துக்கொண்டு

கட்டம் 15 மாநிலத்தின் பெயர். 16 அந்த மாநிலத்துச் சம்பளம். 17 அங்கே பிடித்த வரி. 18 முதல் 20 வரை நகர, உள்ளூர் வரி. இந்த எண்களை உங்கள் தேதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு, வீடு மாறிய பிறகும் பேரோல் பழைய மாநிலத்துக்கே வரி பிடித்துக்கொண்டிருப்பது. ஜூனில் டெக்சாஸ் போனவருக்குச் செப்டம்பர் வரை இல்லினாய் வரி பிடித்திருப்பார்கள். பணம் எங்கும் போகவில்லை. இல்லினாய் ரிட்டர்னில் கேட்டு வாங்கலாம். ஆனால் டபிள்யூ-2-வின் 16-ஆம் கட்டத்துக்கும் நீங்கள் காட்டும் தொகைக்கும் வித்தியாசம் இருந்தால் மாநிலம் கேள்வி கேட்கும். அதனால் முதலில் கம்பெனியிடம் திருத்திய டபிள்யூ-2சி கேளுங்கள். தர மறுத்தால், எந்தத் தேதியிலிருந்து எந்த ஊரில் வேலை செய்தீர்கள் என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதமாவது வாங்கி வையுங்கள்.

கட்டம் 16-இல் உள்ள தொகைகளைக் கூட்டினால் கட்டம் 1-இல் உள்ள ஃபெடரல் சம்பளத்தை விட அதிகமாக வருகிறதே என்று பலர் பயப்படுவார்கள். நியூயார்க் பட்டியலில் இருந்தால் அது சாதாரணம். அந்த மாநிலத்தில் கொஞ்ச நாள் வேலை செய்தவருக்கும் வருடத்தின் மொத்த ஃபெடரல் சம்பளத்தையும் கட்டம் 16-இல் எழுத வேண்டும் என்பது நியூயார்க் கம்பெனிகளுக்கு இட்டிருக்கும் விதி. அந்தத் தொகை முழுவதற்கும் நியூயார்க் வரி என்று அர்த்தமில்லை. நியூயார்க்கின் நான்-ரெசிடென்ட், பார்ட்-இயர் படிவமான ஐடி-203-இல் ஃபெடரல் தொகைக்கு ஒரு பத்தி, நியூயார்க் தொகைக்கு ஒரு பத்தி இருக்கும். இரண்டாவதில் நியூயார்க்குக்கு உரியதை மட்டும் எழுதுவீர்கள். வேலை நாட்களை உள்ளே, வெளியே என்று பிரித்துக் காட்ட ஐடி-203-பி இருக்கிறது. மென்பொருள் 16-ஆம் கட்டத்தை அப்படியே எடுத்துப் போட்டுவிடும். அந்த இடத்தில் நிறுத்திக் கையால் திருத்துங்கள். இதைக் கவனிக்காமல் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

வேறு காரணங்களாலும் எண்கள் மாறும். பென்சில்வேனியா, 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் நீங்கள் போடும் பணத்துக்கும் அப்போதே வரி போடுவதால் அங்கே 16 பெரிதாக இருக்கும். மருத்துவச் செலவுக்கான எச்எஸ்ஏ சேமிப்புக்கு உள்ள வரிச் சலுகையைக் கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் ஏற்பதில்லை.

எதை முதலில், எதைக் கடைசியில்

வரிசை முக்கியம். முதலில் ஃபெடரல். எல்லா மாநிலங்களும் அதிலிருந்துதான் எண்களை எடுக்கும் அல்லது அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அடுத்து நான்-ரெசிடென்ட் மாநிலங்கள். கடைசியாகக் குடியிருக்கும் மாநிலம். வேறு மாநிலத்தில் கட்டிய வரிக்கு உங்கள் சொந்த மாநிலம் கழிவு (கிரெடிட்) தரும், அதாவது தன் வரியில் அதைக் குறைத்துக்கொள்ளும். அந்தத் தொகை நான்-ரெசிடென்ட் ரிட்டர்னை முடித்தால்தான் தெரியும். தலைகீழாகச் செய்தால் கழிவு விடுபடும் அல்லது தப்பாக வரும்.

இந்தக் கழிவை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். வீடு நியூ ஜெர்சியின் எடிசன், வேலை நியூயார்க்கின் மன்ஹாட்டன். நியூயார்க்குக்கு ஐடி-203 போட்டதில் வரி 6,500 டாலர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே சம்பளத்துக்கு நியூ ஜெர்சிக் கணக்கில் 4,500 வருகிறது. நியூ ஜெர்சி ரெசிடென்ட் படிவமான என்ஜே-1040-ஓடு என்ஜே-சிஓஜே அட்டவணையை நிரப்பினால் அந்த 4,500-உம் கழிந்துவிடும். அந்தச் சம்பளத்துக்கு நியூ ஜெர்சியில் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. மிச்சமுள்ள 2,000 திரும்பி வராது. இரண்டு மாநிலங்களில் எது அதிகமோ அந்த அளவுக்குத்தான் மொத்தத்தில் கட்டுவீர்கள். ஆனால் வங்கி வட்டி, எடிசனிலேயே வேலை செய்யும் மனைவியின் சம்பளம் இவற்றுக்கு நியூ ஜெர்சி வரி தனியாக உண்டு. அதனால் "எல்லாம் நியூயார்க்கில் கட்டியாகிவிட்டது" என்று நியூ ஜெர்சி ரிட்டர்னையே போடாமல் விடக்கூடாது.

இங்கே ஒரு எண்ணை மட்டும் தப்பாக எடுக்காதீர்கள். கழிவுக்குக் காட்ட வேண்டியது நியூயார்க் ரிட்டர்னில் முடிவாக வந்த வரி. டபிள்யூ-2-வின் 17-ஆம் கட்டத்தில் பிடித்திருக்கும் தொகை வேறு. பிடித்தது 7,800, வரி 6,500 என்றால் கழிவுக்கு 6,500-தான். மீதி 1,300 நியூயார்க்கிலிருந்து ரீஃபண்டாக வரும். மற்ற மாநில ரிட்டர்னின் நகலைக் கேட்டு நியூ ஜெர்சியிலிருந்து கடிதம் வரலாம். கலிஃபோர்னியாவில் எஸ் அட்டவணையோடு நகலையும் சேர்த்தே அனுப்பச் சொல்வார்கள்.

கழிவு தருவது குடியிருக்கும் மாநிலம் என்பது பொது விதி. இதற்கு விலக்கு உண்டு. வர்ஜீனியா, அரிசோனா, ஆரிகன் மாநிலத்தவர் கலிஃபோர்னியாவில் வேலை செய்தால், கழிவைக் கலிஃபோர்னியாவின் நான்-ரெசிடென்ட் படிவத்தில்தான் கேட்க வேண்டும். அவர்கள் மட்டும் மேலே சொன்ன வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

வருட நடுவில் மாநிலம் மாறியவர்களுக்கு

பார்ட்-இயர் என்றால் அந்தந்த மாதங்களின் சம்பளத்தை அந்தந்த மாநிலத்தில் காட்டினால் போதும் என்று தோன்றும். நியூ ஜெர்சி கிட்டத்தட்ட அப்படித்தான் கேட்கும். கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் வேறு மாதிரி கணக்குப் போடும். வருட வருமானம் 1,20,000, அதில் கலிஃபோர்னியாவில் சம்பாதித்தது 40,000, மற்றது டெக்சாஸில். கலிஃபோர்னியாவின் 540என்ஆர் படிவம் முதலில் மொத்த 1,20,000-க்கும் வரி எவ்வளவு என்று பார்க்கும். அது 6,000 என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கான 2,000-ஐக் கேட்கும். வெறும் 40,000-க்குக் கணக்குப் போட்டிருந்தால் இதைவிடக் குறைவாக வந்திருக்கும். டெக்சாஸ் சம்பளத்துக்கு வரி போடவில்லை, ஆனால் வரி விகிதத்தை அது மேலே தள்ளிவிடுகிறது. படிவத்தில் ஏன் டெக்சாஸ் சம்பளத்தையும் கேட்கிறார்கள் என்று அதை விட்டுவிடாதீர்கள்.

இல்லினாயில் ஒரே விகிதம், 4.95 சதவீதம். அங்கிருந்து போனவர் ஐஎல்-1040-ஓடு என்ஆர் அட்டவணையைச் சேர்த்தால் முடிந்தது.

மாநிலத்தை விட்டுப் போன பிறகு வரும் பணத்திலும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவின் சான் ஹோஸேயில் வேலை செய்தபோது கம்பெனி ஆர்எஸ்யு (பிற்பாடு கைக்கு வரும் கம்பெனிப் பங்கு) கொடுத்தது. டெக்சாஸின் ஆஸ்டினுக்குக் குடிபோன பிறகு அது கைக்கு வந்தது. கொடுத்த நாளிலிருந்து கைக்கு வந்த நாள் வரை உள்ள வேலை நாட்களில் கலிஃபோர்னியாவில் இருந்த பங்குக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். போன வருட வேலைக்கான போனஸும் அப்படியே.

வீட்டிலிருந்து வேலை

பெரும்பாலான மாநிலங்களில், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் இடம்தான் கணக்கு. டெக்சாஸ் வீட்டிலிருந்து கலிஃபோர்னியா கம்பெனிக்கு வேலை செய்தால், கம்பெனி அங்கே இருக்கிறது என்பதற்காக மட்டும் கலிஃபோர்னியாவுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நியூயார்க் இதில் கறாரானது. உங்கள் அலுவலகமாக நியூயார்க் பதிவாகியிருந்து, உங்கள் வசதிக்காக வேறு மாநில வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களும் நியூயார்க் நாட்களே. கம்பெனியின் தேவைக்காகத்தான் வெளியே இருந்தீர்கள் என்று காட்டினால்தான் விலக்கு. வரியில்லாத மாநிலத்துக்குக் குடிபோகும் நியூயார்க் ஊழியருக்கு இது பெரிய இழப்பு; ஈடுகட்டக் கழிவு தர அங்கே மாநில வரியே இல்லை. அதனால் குடிபோகும் முன்பே உங்கள் வேலையிடத்தைக் கம்பெனி ஆவணங்களில் முறையாக மாற்றக் கேளுங்கள். பென்சில்வேனியா, டெலவேர், நெப்ராஸ்கா மாநிலங்களிலும் இது போன்ற விதி உண்டு.

பக்கத்து மாநிலங்களின் ஒப்பந்தங்கள்

சில மாநிலங்கள் தங்களுக்குள் பேசி, "உன் ஊர்க்காரருக்கு நீயே வரி வாங்கிக்கொள்" என்று ஒப்பந்தம் செய்திருக்கின்றன. நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் அப்படி. இல்லினாய்க்கு அயோவா, கென்டக்கி, மிச்சிகன், விஸ்கான்சினோடு ஒப்பந்தம் உண்டு. மேரிலாந்து, வர்ஜீனியா, வாஷிங்டன் டி.சி. வட்டாரத்திலும் அப்படியே. நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே கிடையாது.

ஒப்பந்தம் இருந்தாலும் அது தானாக நடக்காது; கம்பெனியிடம் விலக்குப் படிவம் கொடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வேலை செய்யும் நியூ ஜெர்சிக்காரர் ரெவ்-419 கொடுப்பார். எதிர்த் திசையில் போகிறவர் என்ஜே-165. கொடுக்க மறந்து பென்சில்வேனியா வரி பிடித்துவிட்டால், பிஏ-40 போட்டு முழுவதையும் திரும்ப வாங்குங்கள். நியூ ஜெர்சியில் முழு வரியையும் கட்டுங்கள். ஃபிலடெல்ஃபியாவின் நகரச் சம்பள வரிக்கு இந்த ஒப்பந்தம் பொருந்தாது. அதைப் பிடிக்கத்தான் செய்வார்கள். நியூ ஜெர்சி ரிட்டர்னில் அதற்குக் கழிவு கேட்கலாம். நியூயார்க் நகர வருமான வரி நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். ஜெர்சி சிட்டியில் இருந்து ரயிலேறிப் போகிறவரின் 19-ஆம் கட்டத்தில் அது பிடிக்கப்பட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் இருக்கும் பணம்

நம்மவர்கள் பலர் விட்டுவிடும் பகுதி இது. நீங்கள் ரெசிடென்டாக இருக்கும் மாநிலம் உலக வருமானத்தைக் கேட்கும் என்றேன் அல்லவா? சென்னை வீட்டு வாடகை, எஃப்டி வட்டி எல்லாம் அதில் அடக்கம். வெளிநாடுவாழ் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் என்ஆர்இ வங்கிக் கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. அமெரிக்காவில் ஃபெடரலுக்கும் மாநிலத்துக்கும் உண்டு. இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரல் கழிவு தரும். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மூன்றுமே இந்தியாவில் கட்டிய வரிக்குக் கழிவு தருவதில்லை. அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்புவதும் அதன் பிறகும்

பெரும்பாலான மாநிலங்களுக்குக் கெடு ஏப்ரல் 15. டெலவேர், அயோவா ஏப்ரல் 30. வர்ஜீனியா மே 1. லூசியானா மே 15. அவகாசம் வாங்கினாலும் அது படிவம் அனுப்பத்தான். பணத்தை முதல் கெடுவுக்குள் கட்டாவிட்டால் வட்டி ஓடும். மென்பொருள்கள் பொதுவாக ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கட்டணம் கேட்கும். இரண்டு மாநிலம், ஒரே வேலை என்றால் நீங்களே செய்துவிடலாம். ஆர்எஸ்யு, நியூயார்க் ரிமோட் வேலை, கணவன் ஒரு மாநிலம் மனைவி ஒரு மாநிலம் என்று சேர்ந்தால் பல மாநில அனுபவமுள்ள கணக்காளரிடம் (சி.பி.ஏ.) கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது உங்கள் தேதிப் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மாநில வரித்துறை கடிதத்தைப் பழைய முகவரிக்கே அனுப்பும். வீடு மாறும்போது தபால் நிலையத்தில் மட்டுமல்லாமல், பழைய மாநிலத்தின் வரித்துறைத் தளத்திலும் முகவரியை மாற்றுங்கள். போட வேண்டிய ரிட்டர்னைப் போடவே இல்லையென்றால், எத்தனை வருடம் கழித்தும் அந்த மாநிலம் வரி கேட்கலாம், போட்டவர்களுக்குத்தான் காலவரம்பு. ரீஃபண்ட் கேட்க நியூயார்க்கில் மூன்று வருடம், கலிஃபோர்னியாவில் நான்கு வருடம் பொதுவாக உண்டு. எனவே போன வருடக் கணக்கில் தவறு தெரிந்தால் திருத்திய ரிட்டர்ன் போட இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வருடமும் மாறப்போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்பே பேரோலுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: புது முகவரி, குடிபோகும் தேதி, வேலை செய்யப்போகும் இடம். சம்பளத்தில் எவ்வளவு மாநில வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் படிவத்தையும் நிரப்பிக் கொடுங்கள்: கலிஃபோர்னியா போனால் டிஇ 4, நியூயார்க் போனால் ஐடி-2104. அடுத்த சம்பளச் சீட்டில் மாநிலப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் அந்த வாரமே மறுபடி எழுதுங்கள்.